கூகையின் இருட்டுக் கணக்கு: மசகாசு கொனிஷியின் ஆய்வும் பாடமும்

கூகை கும்மிருட்டில் எலி பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிலா வெளிச்சம், நட்சத்திர வெளிச்சம்கூட இல்லாமல், முழுக்க மூடிய அறைக்குள்ளும் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. 1950களின் பிற்பகுதியில் ரோஜர் பெய்ன் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகத்துக்கே அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். ஒளி நுழையாத அறையின் தரையில் காய்ந்த இலைகளைப் பரப்பி, அதன்மேல் எலியை நடக்க விட்டார். கூகை உயரத்திலிருந்து பாய்ந்து வந்து சரியாக எலிமேல் இறங்கியது. ஒரு காதில் பஞ்சை அடைத்தால் குறி தவறியது.

எலியின் உடல் சூட்டையோ வாசனையையோ வைத்துக் கூகை இதைச் செய்யவில்லை என்பதும் அந்தக் காலச் சோதனைகளிலேயே தெளிவானது. எலியின் வாலில் ஒரு காகிதத் துண்டைக் கட்டி, எலி நடக்கும் சத்தம் கேட்காதபடியும் காகிதம் மட்டும் சரசரக்கும்படியும் விட்டால், கூகை எலியை விட்டுவிட்டுக் காகிதத்தின்மேல் பாய்ந்தது. சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதன் நகம் இறங்கும். கிடைமட்டத்திலும் சரி, மேல்கீழாகவும் சரி, பிழை ஒன்றிரண்டு டிகிரிதான்.

மூளை இதை எப்படிச் செய்கிறது? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் மசகாசு கொனிஷி என்ற உயிரியல் பேராசிரியர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வேலை செய்தார். விலங்கின் நடத்தையை ஒருபக்கமும் மூளையை மறுபக்கமுமாகப் பிரித்துப் படிக்கும் பழக்கத்தை இந்த வேலை எந்த அளவுக்கு மாற்றியது என்பது நம் ஊர் விலங்கியல் மாணவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் எண்ணம்.

கொனிஷி 1933இல் கியோட்டோவில் பிறந்தார். பெற்றோர் நிஷிஜின் பகுதியின் பட்டு நெசவாளர்கள். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய், பெர்க்லியில் பீட்டர் மார்லரிடம் 1963இல் முனைவர் பட்டம் வாங்கினார். மார்லர் பறவைப் பாட்டில் பெரிய ஆள். சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில் வெண்கொண்டைச் சிட்டுகள் இடத்துக்கு இடம் வேறு வேறு வட்டார வழக்கில் பாடுவதையும், குஞ்சுகள் அந்தப் பாட்டைப் பெரிய பறவைகளிடம் கேட்டுத்தான் கற்கின்றன என்பதையும் காட்டியவர். கேட்டுக் கற்கிறது என்றால் எப்போது கேட்பது, எதைக் கேட்பது என்று கொனிஷி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

குஞ்சு பெரிய பறவையின் பாட்டைக் கேட்பது ஒரு பருவம்; தான் பாட ஆரம்பிப்பது சில மாதம் கழித்து. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. பாட்டைக் கேட்டு முடித்து, இன்னும் பாடத் தொடங்காத குஞ்சுகளின் கேட்கும் திறனை அந்த இடைவெளியில் கொனிஷி நீக்கினார். பாடம் ஏற்கெனவே மனதில் ஏறிவிட்டதென்றால் அவை சரியாகப் பாட வேண்டும். ஆனால் வெளிவந்தது வெறும் கீச்சொலி. பாடிப் பழகி முடித்த பெரிய பறவையின் கேட்கும் திறனை நீக்கினாலோ, அது நெடுநாள் பழைய பாட்டையே பாடியது. ஆக, குஞ்சு பாட்டை முதலில் நினைவில் ஒரு மாதிரியாக வைத்துக்கொள்கிறது. பிறகு தன் குரலைத் தானே கேட்டு, அந்த மாதிரியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே வருகிறது. 1965இல் வெளியான இந்தக் கட்டுரைதான் பறவைப் பாட்டு ஆய்வின் அடித்தளம். மனிதக் குழந்தை பேச்சைக் கற்பதையும் இதோடு சேர்த்து இன்று பேசுகிறார்கள்.

இந்தச் சோதனையில் மூளைக்குள் ஒரு கம்பிகூட நுழையவில்லை. ஆனாலும் மூளை எதைச் செய்தாக வேண்டும் என்று அது சொல்லிவிட்டது: ஓர் இடத்தில் நினைவு, ஓர் இடத்தில் ஒப்பீடு, ஓர் இடத்தில் குரலைத் திருத்தும் கட்டளை. பிறகு வந்தவர்கள் மூளையில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து தேடினார்கள். கொனிஷியின் பாணி இதுதான். விலங்கு தன் பிழைப்புக்காகச் செய்யும் காரியத்தை முதலில் அளந்து, அந்தக் காரியத்துக்கு மூளை என்ன கணக்குப் போட வேண்டும் என்று யோசித்து, அப்புறம்தான் நரம்பின் மின்துடிப்பை அளக்கும் மின்முனையை எடுப்பது.

ஜெர்மனியில் சில காலம், பிரின்ஸ்டனில் சில ஆண்டுகள் என்று இருந்துவிட்டு 1975இல் அவர் கலிபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தார். நடத்தை உயிரியல் பேராசிரியர் என்பது அங்கே அவர் பதவி. கூகைகளும் உடன் வந்தன. ஆய்வுக்கூடத்தில் எரிக் நட்சன் என்ற இளைஞர் சேர்ந்தார்.

முதலில் அவர்கள் கூகை எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்பதை அளந்தார்கள். கூகையின் கண்கள் குழியில் ஏறக்குறைய அசையவே அசையாதவை. எங்கே பார்க்க வேண்டுமானாலும் தலையைத்தான் திருப்பியாக வேண்டும். ஆய்வாளருக்கு இது பெரிய வரம். சத்தம் எங்கிருந்து வந்ததாகக் கூகை நினைக்கிறது என்பதை அதன் தலையே சொல்லிவிடும். காந்தப் புலத்துக்குள் பறவையை உட்காரவைத்து, தலையில் ஒரு சிறு கம்பிச்சுருளைப் பொருத்தி, தலை திரும்புவதை அளந்தார்கள். எதிரொலி இல்லாத இருட்டறையில் ஸ்பீக்கர் ஒரு நொடிக்கும் குறைவாக ஒலிக்கும். தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

அடுத்துதான் மூளை. இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கண்ணுக்கு இடம் கண்டுபிடிப்பது கடினமே இல்லை: வெளியே இடப்பக்கம் இருக்கும் பொருள் விழித்திரையில் ஒரு புள்ளியில் விழும், வலப்பக்கப் பொருள் வேறு புள்ளியில் விழும். காது அப்படி இல்லை. உள்காதின் நத்தைச்சுருளில் ஒலிகள் சுருதிவாரியாகப் பிரிகின்றன. கீச்சென்ற ஒலி ஓர் இடத்தில், கட்டைக் குரல் வேறு இடத்தில். ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு அங்கே எந்தத் தடயமும் இல்லை. திசையை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுத்தான் பெற வேண்டும்.

அந்தக் காலத்தில் செவிநரம்பு ஆய்வு என்றால் விலங்குக்கு மயக்கம் கொடுத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெவ்வேறு சுருதிகளை ஒலிக்கவிட்டு, நியூரான் எனும் நரம்பு உயிரணு எதற்குத் துடிக்கிறது என்று பார்ப்பதுதான். ஹெட்போன் மாட்டிய விலங்குக்கு ஒலி எங்கிருந்தும் வருவதில்லை. திசையைப் பற்றிய கேள்வி ஆரம்பத்திலேயே அடைபட்டுப் போகிறது. கொனிஷியும் நட்சனும் ஹெட்போனை எடுத்துவிட்டு, கூகையின் தலையைச் சுற்றி அரைக்கோள வடிவில் எந்த இடத்துக்கும் நகர்த்தக்கூடிய ஸ்பீக்கர் ஒன்றை அமைத்தார்கள். கூகைக்கு வயலில் சத்தம் எப்படி வருமோ அப்படியே வரும்படி.

நடுமூளையின் ஒரு பகுதியில் மின்முனையை வைத்து ஸ்பீக்கரை நகர்த்தினார்கள். நியூரான் ஊமையாகவே இருந்தது. ஸ்பீக்கர் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் படபடவென்று துடித்தது. அந்த இடத்தைத் தாண்டியதும் மறுபடி அமைதி. சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் நியூரானுக்குப் பிடித்த இடம் மாறவில்லை. மின்முனையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் அடுத்த நியூரான், அதற்குப் பக்கத்து இடம். மின்முனையை ஒரு திசையில் நகர்த்திக்கொண்டே போனால் நியூரான்களுக்குப் பிடித்த இடம் வெளியே இடவலமாக நகர்ந்தது. ஆழத்துக்கு இறக்கினால் மேலிருந்து கீழாக நகர்ந்தது. காதில் எங்கும் இல்லாத ஒரு வரைபடத்தை மூளை தானே கணக்குப் போட்டு வரைந்து வைத்திருக்கிறது. முகத்துக்கு நேரே உள்ள பகுதிக்கு அந்த வரைபடத்தில் இடம் தாராளம். வேட்டையில் கூகைக்கு முக்கியம் அந்தப் பகுதிதான். 1978இல் சயன்ஸ் இதழில் மூன்றே பக்கங்களில் வந்த கட்டுரை இது.

வரைபடம் இருக்கிறது, சரி. எதைக் கொண்டு வரைந்தது?

இரண்டு தடயங்கள். ஒன்று நேரம். வலப்பக்கச் சத்தம் வலக் காதை முதலில் எட்டும், இடக் காதைக் கொஞ்சம் தாமதமாக எட்டும். மற்றொன்று ஒலியின் பலம். நமக்கும் இந்த இரண்டும் உண்டு. ஆனால் கூகையில் ஒரு விசேஷம்: அதன் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. இடக் காதுத் துளை சற்று மேலே இருந்து கீழ்நோக்கிக் கேட்கிறது, வலக் காது சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கிக் கேட்கிறது. அதனால் கீழிருந்து வரும் ஒலி இடக் காதில் பலமாக விழும், மேலிருந்து வருவது வலக் காதில். இடக் காதைப் பாதி அடைத்தால் கூகை இலக்குக்கு மேலே பார்க்கும். வலக் காதை அடைத்தால் கீழே பார்க்கும். முகத்தைச் சுற்றி இதய வடிவில் இருக்கும் இறகுகளை நீக்கினாலும் மேல்கீழ்க் கணக்கு கெட்டுப்போகிறது, இடவலக் கணக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. நேரத்திலிருந்து இடவலம், பலத்திலிருந்து மேல்கீழ். பறவை இரண்டையும் இப்படிப் பங்கு போட்டு வைத்திருக்கிறது.

நேர வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். கூகையின் தலை சின்னது. சத்தம் முழுக்க ஒரு பக்கத்திலிருந்து வந்தாலும் இரு காதுகளுக்கும் இடையே மிஞ்சிப்போனால் 200 மைக்ரோ நொடி சொச்சம்தான் வித்தியாசம். ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு டிகிரி துல்லியத்துக்குச் சில மைக்ரோ நொடிகளைப் பிரித்தறிய வேண்டும். நியூரானின் ஒரு துடிப்போ ஏறக்குறைய 1000 மைக்ரோ நொடி நீடிக்கும். அளக்கும் கருவியைவிடப் பலமடங்கு நுண்ணிய ஒன்றை அளப்பது எப்படி?

இதற்கு லாயிட் ஜெஃப்ரஸ் என்ற உளவியலாளர் 1948இலேயே காகிதத்தில் ஒரு விடை எழுதி வைத்திருந்தார். ஒரு நீண்ட தெருவின் இரு முனைகளிலிருந்து இருவர் ஒரே வேகத்தில் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் கிளம்பினால் நடுத்தெருவில் சந்திப்பார்கள். ஒருவர் முந்திக் கிளம்பினால் சந்திக்கும் வீடு மறுமுனைப் பக்கம் தள்ளிப்போகும். எந்த வீட்டு வாசலில் சந்தித்தார்கள் என்று தெரிந்தால் யார் எவ்வளவு முன்னால் கிளம்பினார் என்று சொல்லிவிடலாம், கடிகாரமே தேவையில்லை. இடக் காதிலிருந்தும் வலக் காதிலிருந்தும் வரும் நரம்பு இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடி, வழியில் வரிசையாக நிற்கும் நியூரான்களைத் தொடுகின்றன. இரண்டு பக்கச் செய்தியும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் மட்டும் அந்த நியூரான் துடிக்கும் என்றார் ஜெஃப்ரஸ். எந்த விலங்கிலும் அப்போது இதைக் கண்டவர் இல்லை.

கொனிஷியின் ஆய்வுக்கூடத்தில் கேத்தரின் கார் அதைக் கூகையில் கண்டார். மூளைத்தண்டில் லாமினாரிஸ் என்ற பகுதியில் ஒரு பக்கக் காதின் இழைகள் மேலிருந்தும் மறுபக்க இழைகள் கீழிருந்தும் நுழைகின்றன. மின்முனையை மேலிருந்து கீழே இறக்கும்போது ஒரு பக்கச் செய்தியின் தாமதம் படிப்படியாகக் கூடுகிறது, மறுபக்கத்தின் தாமதம் படிப்படியாகக் குறைகிறது. 1988இலும் 1990இலும் இந்த முடிவுகள் வந்தன. நாற்பது ஆண்டுக்கு முன் எழுதிய ஒரு யோசனை, உயிருள்ள பறவையின் மூளையில் வரைந்தபடியே இருந்தது.

எனக்கு இந்த வரிசையிலேயே மிகப் பிடித்தது 1984இல் வந்த வேறொரு சோதனை. டெர்ரி தகஹாஷி, ஆண்ட்ரூ மொய்செஃப், கொனிஷி மூவரும் செய்தது. நேரமும் பலமும் மூளையில் தனித்தனி வழியாகப் போகின்றனவா என்பது கேள்வி. காதிலிருந்து வரும் நரம்பு மூளைக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரிந்து இரண்டு நிலையங்களுக்குப் போகிறது. ஒன்றில் மட்டும், பல் மருத்துவர் ஈறில் போடுவது போன்ற மரத்துப்போகும் மருந்தைத் துளி செலுத்தினார்கள். மேலே வரைபடத்தில் உள்ள நியூரான் நேர வித்தியாசத்தை உணர்வதில் தடுமாறியது. ஒலியின் பலத்தில் உள்ள வித்தியாசத்தை மட்டும் வழக்கம்போல உணர்ந்தது. மற்ற நிலையத்தில் செலுத்தியபோது அப்படியே தலைகீழ். மருந்தின் வீரியம் தீர்ந்ததும் இரண்டும் பழையபடி திரும்பின. இரண்டு தனி வழிகள். கடைசியில் நடுமூளையில் ஒன்றுசேர்கின்றன. இதைவிடச் சுத்தமாக ஒரு கேள்வியைக் கேட்டு விடை வாங்க முடியாது. வகுப்பில் இதை ஒரு மணி நேரம் நடத்தினால் செவிநரம்பு மண்டலத்தின் பாதி புரிந்துவிடும்.

ஒன்றுசேரும்போது என்ன ஆகிறது என்பதும் சுவாரசியம். இரண்டு தடயங்களையும் நியூரான் கூட்டினால், ஒன்று சரியாக இருந்து மற்றது தப்பாக இருந்தாலும் பாதி பலத்தில் துடிக்கும். கூகைக்கு அது ஆகாது. தப்பான உயரத்தில் பாய்ந்தால் எலி ஓடிவிடும். ஹோசே லூயிஸ் பேன்யாவும் கொனிஷியும் 2001இல் காட்டியபடி நியூரான் ஏறக்குறைய பெருக்குகிறது. ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம்.

கொனிஷியின் ஆய்வுக்கூடத்தையே ஒரு வகுப்பறை என்று சொல்லலாம். நட்சன் ஸ்டான்ஃபோர்டுக்கும், கார் மேரிலாந்துக்கும், தகஹாஷி ஒரிகனுக்கும், ஹெர்மன் வாக்னர் ஜெர்மனியின் ஆகன் நகருக்கும் போனார்கள். பறவைப் பாட்டு வேலையும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. டேனியல் மார்கோலியாஷ், ஆலிசன் டூப் போன்றவர்கள் அந்த வழி வந்தவர்கள். பறவை தன் சொந்தப் பாட்டைக் கேட்கும்போது மட்டும் பலமாகத் துடிக்கும் நியூரான்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பது இவர்களால்தான். 1990இல் ஜப்பானின் சர்வதேச உயிரியல் பரிசு கொனிஷிக்குக் கிடைத்தது. 2005இல் க்ரூபர் நரம்பியல் பரிசை அவரும் நட்சனும் பகிர்ந்துகொண்டார்கள். குருவும் சீடரும் ஒரே மேடையில் நிற்பது விஞ்ஞானத்தில் அடிக்கடி நடப்பதில்லை. 2020இல் கொனிஷி காலமானார்.

டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோ 1929இலேயே ஒன்றைச் சொல்லியிருந்தார்: பல கேள்விகளுக்கு, அதைப் படிப்பதற்கென்றே வாகான ஒரு விலங்கு எங்காவது இருக்கும். இந்தத் துறைக்காரர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். நம் கல்லூரிகளிலோ விலங்கு நடத்தை என்றால் பெரும்பாலும் வரையறைகளின் பட்டியல், மூளை என்றால் பாகம் குறித்த படம். இரண்டும் வேறு வேறு தாள்களில் வருவதால் மாணவருக்கு இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே தெரிவதில்லை. கூகையோ நமக்கு அந்நியப் பறவை இல்லை. சாக்குருவி என்று திட்டுவார்கள், வீட்டுக் கூரையில் கத்தினால் விரட்டுவார்கள். அதே பறவை உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று வயலில் டி வடிவக் குச்சி நட்டுவைக்கும் விவசாயிகளும் நம்மிடம் உண்டு. அந்தக் குச்சிக்குப் பின்னால் இருக்கும் மூளைக் கணக்கைப் பாடத்தில் சேர்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை.

இந்த வழியில் நடந்தவர்கள் இங்கும் இருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் விலங்கு நடத்தைக்கென்று ஒரு துறையை வளர்த்து, மதுரைக்கு அருகிலிருந்த குகை வௌவால்களின் உள்கடிகாரத்தை ஆராய்ந்தார். வெளிச்சமே எட்டாத குகையில் கூண்டுக்குள் தனியே இருக்கும் வௌவாலின் நாள் கணக்கு மெல்ல விலகிப்போகிறது. அதே குகையில் சுதந்திரமாக வெளியே போய்வரும் கூட்டம் இருந்தால் கூண்டு வௌவாலும் அவற்றோடு நேரம் தப்பாமல் இருக்கிறது. 1981இல் வெளியான இந்த வேலைக்குத் தேவைப்பட்டது ஒரு குகையும் பொறுமையும் நல்ல கேள்வியும்.

நட்சன் ஸ்டான்ஃபோர்டில் செய்தது இன்னொரு படி மேலே. கூகைக் குஞ்சுகளுக்குப் பட்டகக் கண்ணாடி மாட்டினார். பார்க்கும் எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளித் தெரியும். சில வாரங்களில் மூளையின் செவி வரைபடம் பார்வைக்கு ஏற்பத் தானும் நகர்ந்துவிட்டது. கண் சொல்வதைக் காது நம்பித் தன்னைத் திருத்திக்கொண்டது. வளர்ந்த கூகைகளால் இவ்வளவு முடியவில்லை. ஆனால் கண்ணாடியின் விலகலைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வளர்ந்தவையும் ஓரளவு கற்றுக்கொண்டன என்று 2002இல் அவர் குழு காட்டியது. முதிர்ந்த மூளை மாறாது என்ற பழைய நம்பிக்கையை இது கொஞ்சம் அசைத்தது. பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சி பற்றி யோசிப்பவர்கள் இப்படிப்பட்ட முடிவுகளைக் கவனிப்பதில் வியப்பில்லை.

கூகையில் கண்டதை அப்படியே நம் மூளைக்குத் தூக்கிவைக்க முடியுமா? ஒரு காலத்தில் பலரும் முடியும் என்றுதான் நினைத்தார்கள். பாடநூல்களும் அப்படித்தான் எழுதின. 2001, 2002 வாக்கில் கினி பன்றியிலும் ஜெர்பில் என்ற பாலைவன எலியிலும் செய்த அளவீடுகள் வேறு கதை சொல்லின. அவற்றின் மூளைத்தண்டில் வரிசையாக நின்று இடத்துக்கு ஒன்றாகத் துடிக்கும் நியூரான்கள் தென்படவில்லை. இடப்பக்கத்துக்கு ஒரு கூட்டம், வலப்பக்கத்துக்கு ஒரு கூட்டம் என்று இரண்டு பெரிய கூட்டங்கள். எது எவ்வளவு அதிகமாகத் துடிக்கிறது என்பதிலிருந்தே திசையைக் கணிக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். கோழியிலோ கூகையைப் போன்ற தாமத வரிசை இருப்பது பிறகு தெரிந்தது. பறவைகளும் பாலூட்டிகளும் காற்றில் வரும் ஒலியைக் கேட்கும் செவிப்பறையைப் பரிணாமத்தில் தனித்தனியே பெற்றவை என்பதால், ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் வந்திருப்பது நடக்காத காரியம் இல்லை.

இதனால் கொனிஷியின் வேலைக்கு ஒரு குறைவும் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஜெர்பிலில் என்ன இல்லை என்று தேடவே கூகையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது. மனிதத் தலை கூகையினுடையதைவிடப் பெரியது. நம் காதுகளுக்கிடையே நேர வித்தியாசம் 650 மைக்ரோ நொடி வரை போகும். நாம் இதற்குப் பயன்படுத்துவதும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகள். கூகையோ 9000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சொலிகளிலும் நேரத்தைப் பிடிக்கிறது. இந்த இரண்டு வழிகளில் மனித மூளை எதை எடுத்தது, அல்லது இரண்டையும் கலந்துகொண்டதா என்பது இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது.